கண்ணாடிக்கடை அக்கா சொன்ன ஒரு வார்த்தை

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மெஷின், அதே முக்காலி. முன்கடையில் யாருக்காவது கண்ணாடி சரியாக உட்காரவில்லை என்றால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். வந்து எதிரில் நின்று முகத்தைப் பார்ப்பார். "உங்க இடது காது கொஞ்சம் மேல இருக்கு, அவ்வளவுதான். கண்ணாடி மேல தப்பில்ல" என்பார். அறுபது வயதுக்காரர் ஒருவர் தன் காது ஏறி இறங்கி இருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டு, வீட்டுக்குப் போய், "இத்தனை வருஷமா நீ ஏன் சொல்லல?" என்று மனைவியிடம் சண்டை போட்டாராம்.

இந்த அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வேறு யாரும் எழுதப் போவதுமில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு குழு உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்து வாசலில் ஒரு மடக்கு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, கூடை நிறைய ஜெபமாலை, 'உங்களுக்காக ஜெபிக்கலாமா?' என்று எழுதிய பலகை, இவற்றோடு உட்காருவோம். பொருட்காட்சி, ரத்த தான முகாம், பள்ளி விளையாட்டு நாள் என்று ஊரில் எங்கே கூட்டம் கூடினாலும் எங்கள் மேசையும் அங்கே போகும். தலைவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாருக்கும் மேனேஜர் சார். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். நாலு வரி கோவையாக எழுத வருமென்பதால் பங்கு மாத இதழ் என் தலையில் விழுந்திருந்தது.

பெரும்பாலானவர்கள் எங்களைக் கண்டதும் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வேகமாகப் போய்விடுவார்கள். சிலர் வந்து, "இது என்ன ஸ்கீம்ங்க?" என்று கேட்பார்கள். இன்ஷூரன்ஸ் இல்லை என்று தெரிந்ததும் கூடையிலிருந்து ஒரு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மேனேஜர் சார் எழுந்து நின்று பேசத் தொடங்கினால் உட்கார்ந்திருப்பவரும் எழுந்துவிடுவார்.

புதுக் கண்ணாடி வாங்கப் போன மேனேஜர் சார்தான் அக்காவை அழைத்து வந்தார். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். "எனக்கும் சேர்த்து நீயே கேட்டு வாங்கிட்டு வந்துடு" என்று சொல்லி அனுப்பினாராம்.

முதல் இரண்டு வாரம் அக்கா தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மூன்றாவது வாரம் ஒரு காய்கறிக்காரம்மா நேராக அவரிடம் போய் உட்கார்ந்தாள். ஏன் அவரிடம் போனாள் என்று தெரியாது. அதற்குப் பிறகு எல்லாரும் அவரிடம்தான் போனார்கள்.

அக்காவின் ஜெபத்தில் வசனமும் கிடையாது, உரத்த குரலும் கிடையாது. பக்கத்து வீட்டில் விஷயம் சொல்வதுபோல் இருக்கும். "ஆண்டவரே, இவங்க நாலு நாளா தூங்கல. மகன் போன் எடுக்க மாட்டேங்கிறான். நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க." அவ்வளவுதான். யாராவது, "எல்லாம் சரியாயிடுமாம்மா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க. கேட்டுப் பாப்போம்" என்பார். மேனேஜர் சாருக்கு இது பிடிக்காது. "விசுவாசத்தோட சொல்லணும்மா. தெரியாதுன்னு சொல்றதுக்கா இங்க வந்து உக்காந்திருக்கோம்?" என்று ஒருநாள் கேட்டார். அக்கா சிரித்து மழுப்பிவிட்டார்.

பொருட்காட்சியின் மூன்றாம் நாள் பஞ்சர் கடைக்காரர் வந்தார். கை நிறைய கிரீஸ். உட்காருவதற்கு முன்னால், "நாங்க உங்க மதம் கிடையாது, பரவாயில்லையா?" என்று கேட்டார்.

"உக்காருங்க. இங்க அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் அக்கா.

ஆறு வயது மகள். ரத்தப் புற்று. ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், இரண்டு முடிந்திருக்கிறது. குழந்தைக்கு வாயெல்லாம் புண், முடி கொட்டிவிட்டது, அப்பாவைக் கண்டாலே ஊசி போடக் கூட்டிப்போக வந்திருப்பதாக நினைத்துக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறாள் என்று சொல்லி அந்த மனிதர் அழுதார். அக்கா ஜெபித்தார். முடிந்ததும் அவர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு, "சரியாயிடுமாம்மா?" என்று கேட்டார்.

அக்கா வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன், என் காதால் கேட்டேன். "சரியாயிடும்ங்க" என்றார்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பஞ்சர் கடைக்காரர் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்து மேசைக்கே வந்துவிட்டார். மூன்றாவது மருந்தும் ஏற்றியாயிற்று, ரத்தப் பரிசோதனை நன்றாக இருக்கிறது, பிள்ளை சாப்பிடுகிறாள் என்று சொல்லும்போது அவருக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. மஞ்சள் குல்லா போட்ட அந்தப் பெண் கூடையில் கைவிட்டு, நீல ஜெபமாலை ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மேனேஜர் சாரின் வழுக்கைத் தலையைப் பார்த்தாள். "அங்கிள், உங்களுக்கும் ஊசி போட்டாங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். அவளும் பல் தெரியச் சிரித்தாள். நான் அப்போது போட்டோ எடுத்தேன்.

"இது சாட்சியம். அடுத்த இதழ்ல முதல் பக்கம்" என்றார் மேனேஜர் சார்.

அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் வந்தார். "தம்பி, இன்னும் மூணு தடவை மருந்து பாக்கி இருக்குன்னு சொன்னாரே. அதெல்லாம் முடியட்டுமே. அவசரப்படாதீங்க."

நான் கேட்கவில்லை. அன்று ராத்திரி சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் எழுதினேன். 'மருத்துவர்கள் கைவிட்ட மழலை' என்று தலைப்பு. எந்த மருத்துவரும் கைவிடவில்லை என்று எனக்குத் தெரியும். மோனை நன்றாக வந்தது, விட்டுவிட்டேன். 'பூரண சுகம்' என்று முடித்தேன். அச்சானதும் பஞ்சர் கடைக்கு நானே போய் இரண்டு பிரதி கொடுத்துவிட்டு வந்தேன்.

மேனேஜர் சார் அந்தப் போட்டோவை ஆளுயர பேனராக அடித்தார். அதன் பிறகு எங்கள் மேசைக்கு வந்த கூட்டத்தைச் சொல்லி மாளாது. நாலு நாற்காலி பன்னிரண்டாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் "அந்த அக்கா எங்க?" என்றார்கள். கண்ணாடிக் கடைக்கே தேடிப்போய், லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவரின் முன்னால் எக்ஸ்-ரே படத்தை நீட்டினார்கள். கடை முதலாளி, "இது கண்ணாடிக் கடையா, தர்ம ஆஸ்பத்திரியா?" என்று முனகினார். அக்கா ஜெபித்தார், ஆனால் பேனரின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. நாற்காலியை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

நாலு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ரத்த தான முகாம். காலை பத்து மணி இருக்கும். வரிசையில் நிற்காமல் ஒருவர் பேனருக்கு முன்னால் போய் நின்றார். பஞ்சர் கடைக்காரர். இளைத்துப் போயிருந்தார். அக்கா எழுந்து போனார், நானும் பின்னாலேயே போனேன்.

"பாப்பா எப்படி இருக்கா?" என்று அக்கா கேட்டார்.

"போயிட்டாம்மா. இருபது நாளாச்சு."

மேற்கொண்டு அவரே மெதுவாகச் சொன்னார். "நாலாவது மருந்துக்கு டாக்டர் தேதி குடுத்திருந்தார். பாப்பா வேணாம்னு அழுதா. போயே ஆகணும்னு அவ அம்மா நின்னா. நான்தான் புத்தகத்தை எடுத்துக் காமிச்சேன். டாக்டருங்க கைவிட்டாங்கன்னு அதுல போட்டிருக்கு, பூரண சுகம்னு போட்டிருக்கு, அப்புறம் எதுக்குப் புள்ளையக் கஷ்டப்படுத்தணும்னு கேட்டேன். நீங்களும் வாயால சொன்னீங்க. மூணு வாரம் தள்ளிப்போட்டோம். அப்புறம் காய்ச்சல் வந்துடுச்சு. முன்னாடியே வந்திருந்தா அப்படின்னு டாக்டர் ஆரம்பிச்சாரு. என் மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திட்டாரு."

அவர் சத்தம் போடவில்லை. சட்டையைப் பிடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியாக அவர் கேட்டது இதுதான்: "முடி கொட்டினதுக்கு அப்புறம் பாப்பா போட்டோ எடுக்க விட்டதே இல்ல. இதுல மட்டும் சிரிக்கிறா. இதை எனக்குக் குடுப்பீங்களா?"

அக்கா பேனரின் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். மேனேஜர் சார் ஓடி வந்தார். "இப்ப வேணாம்மா. கூட்டம் இருக்கு. சாயங்காலம் பாத்துக்கலாம்." அக்கா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பல்லால் கடித்து நாலு முடிச்சையும் அவிழ்த்து, துணியைச் சுருட்டி அந்த மனிதரின் கையில் கொடுத்தார். அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார்.

மறுநாள் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ஃபாதரிடம் போனார். குழந்தை இறந்த செய்தியை அடுத்த இதழில் போட வேண்டும் என்று கேட்டார். ஃபாதர் நல்லவர், சின்ன வயது. வெகுநேரம் வருத்தத்தோடு கேட்டார். பிறகு, "இதைப் போட்டா ஜனங்க நம்பிக்கை ஆடிப்போயிடும்மா. அந்தக் குழந்தை இப்ப ஆண்டவர்கிட்ட சுகமா இருக்கு. அதுவும் குணமானதுதானே?" என்றார்.

"அப்ப அதையே போடுங்க ஃபாதர். செத்துப்போச்சு, ஆண்டவர்கிட்ட இருக்குன்னு போடுங்க. படிக்கிறவங்க மருந்தை நிறுத்தாம இருப்பாங்க."

வெளியே வந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான தம்பி எழுதறீங்க. ரெண்டே ரெண்டு வரி."

எழுதினேன். அந்த ரெண்டு வரியையும் ஃபாதர் அடித்துவிட்டார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த மாதம் அந்த இடத்தில் கோயில் சுத்தம் செய்யும் முறைப் பட்டியல் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அக்கா மேசைக்கு வந்து வழக்கம்போல் உட்கார்ந்தார். எதிரில் உட்கார்ந்த ஒவ்வொருவரிடமும் முதலில் சொன்னார்: "புத்தகத்துல படிச்சீங்களே, அந்தக் குழந்தை இறந்துபோச்சுங்க. நான் சொன்னது தப்பு. வைத்தியத்தை விட்டுடாதீங்க. இப்ப சொல்லுங்க, உங்களுக்கு என்ன?" பெரும்பாலானவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஒரு அம்மா, "மத்தியானமே கெளம்பி பஸ் பிடிச்சு வந்தேன், இதைக் கேக்கவா?" என்று திட்டிவிட்டுப் போனாள். மூன்று பேர் மட்டும் கடைசிவரை இருந்தார்கள். மேனேஜர் சார் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலிகளை அடுக்கும்போது சொன்னார். "நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுங்க." ஓய்வு என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குப் புரிந்தது. நான் மேசையை மடக்கிக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் அக்கா பஞ்சர் கடைக்காரரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். குழந்தையின் அம்மா கதவைப் பாதி திறந்து, "ஜெபம் பண்ண வந்திருந்தா போயிடுங்க" என்றாளாம். "மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றதற்கு, "அது உங்களுக்கு ஆறுதலா இருக்கும். எனக்கு எதுக்கு?" என்று கதவைச் சாத்திவிட்டாள். இதை எனக்குச் சொன்னது அக்காவின் வீட்டுக்காரர், ஒரு டீக்கடையில். "சரியாயிடும்கிறது ஊர்ல யாரும் சொல்லாத வார்த்தையா, விடுன்னு சொன்னேன். அது நான் சொல்லாத வார்த்தைங்க அப்படின்னா. அதோட பேச்ச நிறுத்திட்டா. இப்ப வீட்ல ரேடியோ மட்டும்தான் பேசுது" என்றார்.

அக்கா இன்றும் ஞாயிறு பூசைக்கு வருகிறார். கடைசி வரிசையில் நின்று, ஆசீர்வாதத்துக்கு முன்பே போய்விடுவார். கடையில் யாராவது ஜெபிக்கச் சொன்னால், "கண்ணாடி வேலை மட்டும்தாங்க பாக்கறேன்" என்று சொல்லிவிடுகிறாராம். அவருடைய நாற்காலியில் இப்போது மேனேஜர் சாரின் மருமகள் உட்காருகிறாள். வருகிறவர்களிடமெல்லாம் கண்டிப்பாகக் குணமாகும் என்கிறாள். கூட்டத்துக்குக் குறைவில்லை. மாத இதழை நான்தான் எழுதுகிறேன்.

போன வாரம் பஸ் நிலையத்தில் மேசை போட்டிருந்தோம். சாலைக்கு எதிர்ப்பக்கம், நிழற்குடை பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு இளம்பெண், செல்போனை மடியில் போட்டுவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கை அவள் தோள்வரை போயிற்று. பிறகு அந்தக் கையால் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, நிழலைவிட்டு வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பஸ் வர இருபது நிமிஷமாயிற்று. அதுவரை வெயிலிலேயே நின்றார்.