கால் என்றால் நாளை

எங்கள் வீட்டுப் பித்தளைக் கூஜா வெறுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை. சித்தியின் சீரோடு மாயவரத்திலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது அது. தினம் காலையில் பழைய தண்ணீரைத் துளசிக்கு ஊற்றிவிட்டு, பளபளவென்று தேய்த்து, புதுத் தண்ணீர் நிரப்பித் திருகுமூடியை இறுக்கி, கூடத்து மாடத்தில் வைப்பாள். அதிலிருந்து ஒரு வாய் குடிக்க எங்களுக்கு உரிமை கிடையாது. கேட்டால், "அது அவருக்குடி" என்பாள்.

'அவர்' என்றால் சித்தப்பா. கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். வேலை போனதை வீட்டில் சொல்லாமல், தினம் அலுவலகம் போவதுபோல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார் மனுஷர். விஷயம் தெரிந்த அன்று சித்தி, "எந்த மூஞ்சியை வெச்சுண்டு தினம் போயிட்டு வந்தேள்?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்று இறங்கிவிட்டார். வாசலைத் தாண்டும்போது நம்மில் யாராவது 'போறேன்' என்பார்களா? போயிட்டு வரேன் என்றல்லவா சொல்வோம். சித்தி அந்தச் சொல்லிலேயே நடுங்கிப்போனாள். பெட்டியோடும் கூஜாவோடும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, அப்பாவின் அலுவலக நண்பர் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஊருக்குக் கிழக்கே உப்பு ஏரிக் கரையில், மீன் குத்தகைக்காரரின் கொட்டகையில் மதராஸி ஒருவர் கணக்கு எழுதுகிறாராம். அடையாளம் எல்லாம் சித்தப்பாவுக்குப் பொருந்தியது. சித்தி அப்போதே புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். அப்பாவுக்கோ மானம் பெரிது. "மீன் கணக்கு எழுதறானாமே, ராம ராமா! நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆறது? ஞாயித்துக்கிழமை எல்லாருமா ஏரி பார்க்கப் போற மாதிரி போவோம்" என்றார். "அத்திம்பேர் சொன்னாச் சரி" என்று சித்தி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பேலியாகாட்டா வரை குதிரை வண்டி, அப்புறம் கால்வாயில் படகு. துரைமார்கள் பறவை சுட வரும் இடம் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அது பாலைவனமாகத்தான் பட்டது. பேருக்கு ஒரு மரம் கிடையாது. உப்புப் பூத்த மண், நாணல், கண்ணுக்கெட்டிய தூரம் அசையாத தண்ணீர். அதில் ஒரு கை அள்ளிக் குடிக்க முடியாது. சித்தி மடியில் கூஜாவை வைத்திருந்தாள். நான் தாகம் என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்கோடி கண்ணு. இந்த உப்புத் தண்ணியில அவர் நாக்கு வறண்டு கிடப்பார்" என்றாள்.

கொட்டகை பூட்டியிருந்தது. காவல்காரன் மட்டும் தூரத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். அப்பா கூச்சத்தில் பறவை பார்க்கும் பாவனையில் முதுகைத் திருப்பிக்கொண்டார். அம்மா எனக்குச் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். சித்தி தனியாகவே போய்க் கேட்டாள். திரும்பி ஓடிவந்தாள், அம்மாடி, அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்! "அக்கா, நாளைக்கு வராராம்! 'கால்'னு சொன்னான்!"

எங்கள் பால்காரன் பால் இல்லாத நாளெல்லாம் 'கால் தேபோ', நாளைக்குத் தருகிறேன் என்பான். சித்தி கற்ற வங்காளம் அவ்வளவுதான். அவளைப் பொறுத்தவரை கால் என்றால் நாளை.

மறுநாள் அப்பா ஜுரம் என்று அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார். மறுபடி வண்டி, மறுபடி படகு. சித்தி தலைநிறையப் பூ வைத்திருந்தாள். வெயில் சாயும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் அவளே எழுந்து போய்க் காவல்காரனைக் கேட்டாள். அவன் 'பொர்ஷு' என்றான். "நாளன்னிக்காம் அத்திம்பேர்!" என்று அங்கிருந்தே கூவினாள்.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. இறங்கிப் போய் விவரமாக விசாரித்தார். திரும்பி வந்து சித்தியிடம் சொன்னார். "வரப்போறான்னு சொல்லலைம்மா. வந்துட்டுப் போயிட்டான்கறான். இவாளுக்கு நேத்திக்கும் நாளைக்கும் கால்தான். முந்தாநாளும் பொர்ஷுதான். சனிக்கிழமை வந்து சம்பளம் வாங்கிண்டு, தெற்கே போற படகுல ஏறிட்டானாம். எங்கேன்னு தெரியாதாம்."

சித்தி அவர் பக்கம் திரும்பினாள். "வியாழக்கிழமையே வந்திருந்தா அத்திம்பேர்?" என்று கேட்டாள். அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். அத்தனை பெரிய ஏரிக்கரையில் ஏனென்று கேட்க ஒரு ஈ காக்காய் இல்லை. கூஜா தண்ணீரை அப்போதும் எனக்குத் தரவில்லை.

சித்தப்பா வரவேயில்லை. வாழாவெட்டி என்று ஊர் சொன்னது. சித்தி குங்குமத்தை மட்டும் விடவில்லை. அப்பா சாகும்வரை அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசியதில்லை. அவளும் அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம்.

போன வாரம் படுக்கையில் கிடந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்போடி வராராம்?" என்றாள். "கால், சித்தி" என்றேன். நேற்று என்று சொன்னேனா, நாளை என்று சொன்னேனா, எனக்கே தெரியாது. அவள் எந்தக் காலை எடுத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும். "கூஜால தண்ணி மாத்தினியா?" என்று கேட்டாள்.

சித்தி போய் நாலு நாள் ஆகிறது. இன்று காலை அதைத் தேய்த்தேன். குழாயடியில் ரொம்ப நேரம் நின்றேன். பிறகு கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.