பஸ் புறப்படுகிற இடம்

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிபோவான். நானும் அப்படிப் போனவன். என் மனைவியின் மூத்த சகோதரர், அதாவது என் மச்சான், அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். யாரும் எழும்பச் சொன்னதில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே என் முழங்கால் தானாக நிமிரும். இருபது வருடத்துக்கு மேலாக அப்படித்தான்.

மச்சானுக்குக் கல்முனையில் புடவைக் கடை. எனக்கு மாவடிப்பள்ளிப் பக்கம் அரிசி மில்லில் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடினால் எனக்கு வாய் வராது.

மனைவிக்கு மார்பில் கட்டி எடுத்த பிறகு, கொழும்பில் ஐந்து கிழமை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, பிடிக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். சனி ஞாயிறு தவிர எல்லா நாளும் காலையில் போக வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது. ஆஸ்பத்திரி மஹரகமப் பக்கம். வெளியே தங்கித்தான் போய்வர வேண்டும்.

அன்று பின்னேரம் மச்சான் வந்தார். நான் எழும்பினேன். அவர் என் கதிரையில் இருந்தார்.

"யோசிக்க ஒண்டுமில்ல. புறக்கோட்டையில நான் தங்குற லொட்ஜ் இரிக்கு. என்ட பேரச் சொன்னாக் காணும். கீழ சாப்பாட்டுக் கடை, வாசல்ல பஸ். இதவிட என்ன வேணும்?"

"அது ஆம்புளையள் தங்குற இடம்தானே மச்சான்."

"நீ கொழும்புக்கு எத்தின தரம் போயிரிக்காய்?"

"ரெண்டு."

"நான் மாசத்துக்கு ரெண்டு தரம் போறவன். நீ மில்லுல நெல்லப் பாரு. கொழும்ப எனக்கிட்ட உடு."

அந்த இடத்தில் நான் வழக்கமாகச் சிரித்துவிட்டு உள்ளே போவேன். அன்று போகவில்லை. "இல்ல மச்சான். நான் முதல்ல போய்ப் பாக்கப் போறன். பாத்துட்டுத்தான் இவவக் கூட்டிப் போவன்" என்றேன். சொன்னதை மாற்றவில்லை.

மச்சான் தன் தங்கையைப் பார்த்தார். "என்னடி, ஒன்ட மாப்பிள்ள கொழும்ப விலைக்கு வாங்கப் போறார் போல."

"வாங்கட்டுமே காக்கா" என்றாள் அவள் தன் அண்ணனிடம்.

அவர் போன பிறகு குசினியில் வைத்து என்னிடம் சொன்னாள். "ஒரு பஸ்ஸில போகணும். ரெண்டு பஸ் மாறினா எனக்கு வயித்தப் பிரட்டிச் சத்தி வரும். அறைக்குள்ளயே பாத்ரூம் இரிக்கணும். ஆஸ்பத்திரிக்கி எதிர்த்தாப்புல மட்டும் வேணாம். நான் நோயாளியாப் போய்ட்டு வாறன். முழு நாளும் அங்கயே நோயாளியாக் குந்திக்கிட்டு இரிக்க மாட்டன்."

அந்த மூன்றையும் நெஞ்சில் போட்டுக்கொண்டு தனியாகக் கொழும்பு பஸ் ஏறினேன்.

மச்சானுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று அவருடைய லொட்ஜுக்குத்தான் முதலில் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளில் மூட்டையும் கை வண்டியும் நெரிகிற தெருவில் பின்னேரமே கடைகள் எல்லாம் பூட்டு. ஒரு பெண்பிள்ளையையும் காணவில்லை. மாடியில் நீளமான நடை, பத்து அறை, நடையின் கோடியில் ஒரே ஒரு குளியலறை. தோளில் துவாயோடு ஆண்கள் வரிசையில் நின்றார்கள். என் அறைத் தாழ்ப்பாளை இழுத்தேன். ஆணியோடு கையில் வந்தது.

அது கெட்ட இடம் என்று சொல்ல மாட்டேன். பகல் முழுக்கக் கடை ஏறி இறங்கிவிட்டு வந்து சரிகிற வியாபாரிக்கு அது போதும். சாப்பாடு வாங்க நான் கீழே இறங்கினால் என் மனைவி யாரை நம்பி உள்ளே இருப்பாள்?

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசல் பஸ் ஹோல்ட்டில் போய் நின்றேன். எங்கே தங்குவது என்பதை அங்கே நின்றுதான் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. தூரத்திலிருந்து வந்த பஸ்களில் நோயாளிப் பெண்கள் கம்பியைப் பிடித்தபடி நசுங்கி இறங்கினார்கள். ஒருத்தி இறங்கியதும் மதிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பிறகு ஒரு பஸ்ஸிலிருந்து இரண்டு பெண்கள் முகம் வாடாமல் இறங்கினார்கள். சீட் கிடைத்து இருந்து வந்தவர்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. மில்லுக்கு வரும் லொறிச் சாரதிகளிடம் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் கண்டக்டரிடம், இது எங்கிருந்து புறப்படுகிறது என்று கேட்டேன். கடற்கரைப் பக்கம், தெஹிவளை என்றான். திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறி அதன் கடைசி ஹோல்ட் வரை போனேன். அங்கே அடுத்த பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறுமையாக நின்றது. சாரதி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட என்று பாதி வழியில் தங்கினால் தினமும் நின்றுதான் போக வேண்டும். தூரமென்றாலும் பஸ் புறப்படுகிற இடத்தில் தங்கினால் ஜன்னலோரம் கிடைக்கும்.

பக்கத்து ஒழுங்கைகளில் அறை தேடினேன். முதல் இடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அறை இருக்கிறது என்று சொல்லி அடையாள அட்டையைக் கேட்டார். என் முஸ்லிம் பெயரையும் ஊர் விலாசத்தையும் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அறை எல்லாம் நிறைந்துவிட்டது என்றார். அவருக்குப் பின்னால் பலகையில் ஆறு சாவி தொங்கியது.

நான் வழியில் யாராவது முட்டினாலும் நானே மன்னிப்புக் கேட்கிற ஆள். அன்று அந்தச் சாவிகளை ஒவ்வொன்றாக விரலால் காட்டி, சிங்களத்தில் ஒன்று, இரண்டு என்று ஆறு வரை எண்ணினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அட்டையை நானே எடுத்துக்கொண்டு, அவசரப்படாமல் வெளியே வந்தேன்.

இரண்டாவது இடம் ஒரு சிங்களப் பெண் நடத்துகிற சின்ன ஹோட்டல். நோயாளிக்கு என்றதும் அவர் கட்டிலைக் காட்டவில்லை, குளியலறையைத்தான் முதலில் திறந்து காட்டினார். தாழ்ப்பாளை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வாடகை எங்களுக்குத் தாங்கும். என்றாலும் உடனே சரி சொல்லவில்லை. மில்லில் நெல் மூட்டையை மேலால் பார்த்து வாங்குவதில்லை, குத்தூசியை நடுவில் இறக்கித்தான் பார்ப்போம். ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடையில் பின்னேர அஸர் தொழுகையிலிருந்து பொழுதுபடுகிற மஃரிப் வரை இருந்தேன். பாங்கு சொன்ன பிறகும் பெண்பிள்ளைகள் தனியாக வந்து பாண் வாங்கிப் போனார்கள். ஒருத்தியும் வேகமாக நடக்கவில்லை. எழும்பிப் போய் அறையைச் சொல்லிவைத்தேன்.

அடுத்த கிழமை மனைவியைக் கூட்டி வந்தேன். முதல் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து, "கடல் மணக்குதே" என்றாள். மூன்றாம் கிழமை தோல் கருகி, சட்டை பட்டாலும் துடித்தாள். அந்த நாட்களிலும் யாருடைய முழங்கையும் அவள் மேல் படவில்லை. ஜன்னல் பக்கம் அவள், வெளிப்பக்கம் நான்.

நான்காம் கிழமை மச்சான் சாமான் எடுக்கக் கொழும்பு வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தானும் வருவதாகச் சொல்லி, புறக்கோட்டையிலிருந்து எங்கள் பாதி வழியான நுகேகொட வரை வந்து, அங்கே எங்கள் பஸ்ஸில் ஏறினார். ஏறினார் என்பதைவிட, பின்னால் நின்றவர்கள் அவரை உள்ளே தள்ளினார்கள் என்று சொல்லலாம். ஒரு கையில் தோடம்பழப் பை, மறு கையில் கம்பி. சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"என்ன சனம் இது!" என்றார். "எப்பிடி ஒவ்வொரு நாளும் இதுல போறீங்க?"

"நாங்க இருந்துதானே போறம், காக்கா" என்றாள் மனைவி. "பஸ் வெளிக்கிடுற இடத்துல ஏறணும். ஒங்கட மாப்பிள்ளக்கித்தான் அது தெரியும்."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். என் முழங்கால் பழக்கத்தில் நிமிரப் பார்த்தது. நான் எழும்பி அவர் வந்து இருப்பதற்குள் கூட்டம் அவள் தோளில் சாயும்.

"தோடம்பழத்தத் தாங்க மச்சான், நான் மடியில வெச்சிக்கிறன்" என்றேன்.

நான் எழும்பவில்லை.