நான்கு பாகைச் சாய்வு

பல்லேகமவிலிருந்து அந்த முறைப்பாடு வந்தபோது மாத்தளையில் ஒரு மொபைல் கம்பனியில் ரேடியோ என்ஜினியராக எனக்குப் பதினோராவது வருடம். என்னோடு வேலை பார்த்த இளைய என்ஜினியர் ஒருத்தி, அவள் சேர்ந்து எட்டு மாதம்தான். பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, கெம்பஸ் போய்ப் படித்து வந்தவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளை எனக்குப் பிடிக்காமல் போகிற மாதிரி அவள் எதுவும் செய்யவில்லை. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிற வரைபடத்தை அவள் கையிலிருக்கும் தேத்தண்ணி ஆறுவதற்குள் பார்த்து முடித்துவிடுவாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

முறைப்பாடு செய்தவர் அந்தக் கிராமத்தில் தாய்மாரையும் குழந்தைகளையும் பார்க்கும் மிட்வைஃப். போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது, ஆனால் ஒரு படம்கூடப் போவதில்லை என்று சிங்களத்தில் சொன்னார். சுற்றியிருந்த டவர்களின் பவரைக் கூட்டச் சொன்னேன். கூட்டியதும் நிலைமை இன்னும் மோசமானது.

இருவரும் வேனில் போனோம். டெஸ்ட் போன்களை லெப்டொப்பில் மாட்டி, கிராமத்துக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். மிட்வைஃபின் கிளினிக் வாசலில் அவள் வேனை நிறுத்தச் சொன்னாள்.

“அக்கா, இங்க சிக்னல் கொறைவா இல்ல. மூணு டவர் ஒரே அளவுல கேக்குது. போனுக்கு எதைக் கேக்குறதுன்னு தெரியல.”

அவள் சொல்லி முடிக்குமுன் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லா டவரும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகின்றன. கோடு காட்டுவது சத்தத்தின் அளவை மட்டும். வேகத்தைத் தீர்மானிப்பது, நமக்கு வேண்டிய டவரின் சத்தம் மற்ற டவர்களின் இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. போன் தனக்கு எப்படிக் கேட்கிறது என்று ஓயாமல் டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தெளிவாகக் கேட்டால் டவர் ஒவ்வொரு தடவையும் நிறையத் தரவை அடுக்கி அனுப்பும்; கேட்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, அதையும் திரும்பத் திரும்ப அனுப்பும். நான் பவரைக் கூட்டி இரைச்சலைத்தான் கூட்டியிருக்கிறேன். பதினொரு வருடம் இந்த வேலை பார்த்தவள் நான்.

தூரத்து மலையிலிருக்கும் டவர் தன் எல்லையைத் தாண்டி இங்கே வந்து விழுகிறது, அதன் அன்டனாவை நான்கு பாகை கீழே சாய்த்தால் போதும் என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. அவளுடைய யோசனையை எழுதி, அதற்குக் கீழே, அப்படிச் சாய்த்தால் மலையடி வளைவில் பாதைக்குச் சிக்னல் இல்லாமல் போய்விடும் என்று சேர்த்தேன். நான் அந்த வளைவில் அளக்கவே இல்லை. மெனேஜர் என் அனுபவத்தை நம்பி விஷயத்தை ஒத்திவைத்தார். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மிட்வைஃப் மறுபடி கோல் எடுத்தார். பிறந்து சில நாளான ஒரு குழந்தையின் கண் மஞ்சளாக இருந்ததாம். டொக்டருக்குப் படம் அனுப்பப் பார்த்து, அது போகாததால், மழையில் அந்த வளைவு வரைக்கும் நடந்துபோய் அனுப்பியிருக்கிறார். குழந்தைக்கு இப்போது சுகம் என்றார். கோபப்படவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் அந்த வளைவுக்குப் போனேன். தூரத்து டவரைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தாலும் அங்கே இன்னொரு டவர் தெளிவாகக் கேட்டது. பாதைக்கு ஒன்றும் ஆகாது. வேனிலிருந்தே மெனேஜரை அழைத்தேன். அளக்காமல் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். தூரத்து டவரின் அன்டனாவைச் சாய்க்க ஆள் அனுப்பச் சொன்னேன்.

அது கையால் திருப்ப வேண்டிய பழைய அன்டனா. ஆட்கள் ஏறிச் சாய்த்தார்கள், நான் கூட்டிய பவரையும் குறைத்தார்கள். அன்று பின்னேரமே கிளினிக் வாசலிலிருந்து ஒரு வீடியோ கோல் தடங்கலில்லாமல் போனது. மெனேஜர் அவளைப் பாராட்டி மேலே எழுதினார். கொஞ்ச நாளில் கொழும்பில் திட்டமிடல் பிரிவுக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள். நான் பல தடவை கேட்டும் கிடைக்காத இடம் அது.

போகும் நாளில் அவளிடம் என் அறிக்கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியும் அக்கா. அன்னைக்கே ஃபைல்ல பாத்துட்டேன்.”

“அப்ப ஏன் மெனேஜர்கிட்ட சொல்லல?”

“நீங்களே போய் அளந்து பாப்பீங்கன்னு நெனச்சேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொறுமையிலும் அவள் எனக்கு மேலே என்று தெரிந்தபோது அழுகை வந்தது. வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

இப்போது அவள் போடும் திட்டங்கள் என் மேசைக்கு வருகின்றன. மற்றவர்கள் மேலோட்டமாகப் பார்க்கிறார்கள். நான் வரி வரியாகப் பார்க்கிறேன். போன மாதம் சீகிரியாப் பக்கத்தில் ஒரு டவரின் திசையை அவள் பிழையாகப் போட்டிருந்தாள். இந்த முறை நேரில் போய் அளந்துவிட்டுத்தான் எழுதி அனுப்பினேன். நன்றி அக்கா என்று உடனே திருத்தி அனுப்பினாள். அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.