பின்வாசல் திறந்த காலை

காரைக்குடியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பின்வாசல். கானாடுகாத்தானுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும் நான், கூட்டத்தைப் பார்த்து நிற்கிறேன். பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் சைக்கிளோடு நிற்கிறார்கள். பல வருடமாகப் பூட்டிக் கிடந்த கதவை இன்று சைக்கிளில் வருகிறவர்களுக்காகத் திறக்கிறார்களாம்.

"இம்புட்டு நாளும் மெயின் ரோட்டச் சுத்தித்தான் வந்தோம். போன மாசம் பஸ்ஸுக்கு ஒதுங்கி முள்ளுக்குள்ள விழுந்தேன். அன்னைக்கே இந்தக் கதவத் தொறக்கச் சொல்லி மனு எழுதி, எல்லார்ட்டயும் கையெழுத்து வாங்கிட்டேன்" என்கிறார் பக்கத்தில் நிற்கும் செல்வி. சாக்கோட்டையிலிருந்து வந்து இங்கே நூலகத்தைக் கூட்டிப் பெருக்குபவர். முழங்கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருக்கிறது.

காவலாளி பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறக்கிறார். "எல்லாரும் இறங்கி உருட்டிக்கிட்டே போங்க."

"உருட்டிக்கிட்டுப் போறதுக்கா கதவத் தொறந்தீக?" என்று செல்வி கேட்க, கூட்டமே சிரிக்கிறது. காவலாளியும் சிரித்துவிட்டு, "சரிக்கா, ஏறிக்கங்க. நீங்கதான் மொதல்ல" என்று ஒதுங்குகிறார்.

செல்வி மணியடித்தபடி உள்ளே போகிறார். வேப்பமரம் வரை போனவர், வளைந்து திரும்பி வெளியே வருகிறார்.

"என்னக்கா, எதையாச்சும் மறந்துட்டீகளா?" என்கிறார் காவலாளி.

"இல்ல தம்பி, இன்னொரு வாட்டி போய்ப் பாக்குறேன்."