ஒரே அட்டையில் தாயும் மகளும்

தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கும்போது அலுவலகத்திலிருந்து ரேவதி அழைத்தாள். "அண்ணா, நம்ம ஸ்டெல்லா தவறிட்டாங்க." மூளைக்காய்ச்சலாம். நாற்பது வயதுகூட ஆகவில்லை. கொடுமை, வேறென்ன சொல்ல?

ஸ்டெல்லா நிரல் எழுதும்போது பேச்சுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நம்மில் பலர். "அப்புறம் வாங்க, இப்ப ஆகாது" என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல். நானும் கோபக்காரன்தான். ஆனாலும் அவரிடம் வாலாட்டியதில்லை.

பம்மல் பக்கத்தில் ஒரு மருத்துவமனைக்கு மென்பொருள் செய்தோம். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரமெல்லாம் அங்கே ஒரு பழைய டேட்டாபேஸில் இருந்தது. அதைப் படிக்க மட்டுமே நமக்கு அனுமதி. ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. படித்ததை ஆள்வாரியாகப் பிரித்து டாக்டரின் திரைக்குக் கொண்டுவர 'மேப்பர்' என்ற கருவியைப் பயன்படுத்தினோம். ஆளுக்கு ஆள் வேறுபடும் ஓர் எண்ணைக் காட்டினால்தான் அது வேலை செய்யும். அப்படி எதுவும் அந்த டேட்டாபேஸில் இல்லை. ஸ்டெல்லா நோயாளியின் அட்டை எண்ணைக் காட்டினார்.

அந்த மருத்துவமனையில் குடும்பத்துக்கே ஒரு அட்டைதான் என்பது நமக்குத் தெரியாது. ஒரே எண்ணில் இரண்டு பேர் வந்தால், மேப்பர் சத்தம் போடாமல் முதல் ஆளின் விவரத்தையே இரண்டாம் ஆளுக்கும் கொடுத்துவிடும். சோதனை ஓட்டத்தின்போது ஒரு பெண் காய்ச்சலோடிருந்த மகளை அழைத்து வந்தார். எல்லா மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்றது திரை. அது தாயின் விவரம். நர்ஸ் ஊசியை எடுத்தபோது, "பெனிசிலினா? இதுக்கு ஒத்துக்காதும்மா. போன தபா மூச்சு முட்டிப் போச்சு" என்று அந்தத் தாய்தான் தடுத்திருக்கிறார்.

மேலாளர் நம்மைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பழைய டேட்டாபேஸ் சரியில்லைன்னு சொல்லிடலாம். அதை நாம தொடவே முடியாதே."

ஸ்டெல்லா எழுந்தார். "படிக்க மட்டும்தான் விட்டாங்க சார். அதையாவது ஒழுங்கா படிச்சிருக்கணும். தப்பு என்னுது. நானே போய் சொல்றேன்."

போய்ச் சொன்னார், அந்தத் தாயிடமும். திரும்பி வந்ததும் அவரை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரங்கல் கூட்டத்தில் அதே மேலாளர், "ஒரு தப்புகூட பண்ணாதவங்க" என்று பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்த பிறகு எதற்கு இந்தப் பொய்? ஸ்டெல்லா செய்தது பெரிய தவறு. அதை அவர் ஒளிக்கவில்லை. இதை யாராவது சொல்ல வேண்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

அந்த வேலையிலிருந்து எடுத்த பிறகு ஒரு நாள், ரயிலில் சேர்ந்து வரும்போது ஸ்டெல்லா என்னிடம் கேட்டார், "அந்தம்மா அன்னிக்கு வராம, பொண்ணு மட்டும் தனியா வந்திருந்தா?"

"அதான் வந்தாங்கல்ல, விடுங்க" என்றேன்.

அவர் விடவில்லை. வேறு வேலைக்கு மாறிய பிறகும், எங்கே பார்த்தாலும், நலம் விசாரித்து முடித்ததும் அதையே கேட்பார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். நாலு நாளாக அது என்னையும் விடவில்லை.