கீறாமல் வந்த கட்டி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் பேருந்தில், வெள்ளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் எத்தனை முறை சொன்னாலும் கீழே வைக்காத ஓர் அம்மாளைப் பார்த்தால், உள்ளே என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார். ஒருமுறை பக்கத்தில் இருந்தவர் ஊறுகாயா என்று விசாரிக்க, "இல்லீங்க, ஒரு அம்மாவோட கர்ப்பப்பை" என்றார் இருதயமேரியக்கா. விக்கிரவாண்டிக்கு முன்னாலேயே அந்த சீட் முழுக்க அவருக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குச் சொந்த ஊர் கிளியனூர். அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிப் பிழைத்த குடும்பம். அம்மா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, தங்கை ஜெசிந்தாவுக்கு இரண்டு. தங்கையை இடுப்பில் சுமந்தே நாள் ஓடியது. பெண் கேட்டு வந்தவர்களிடம் "இவளையும் கூட்டிக்கினு போவீங்களா?" என்று கேட்பாராம். யாரும் மறுபடி வரவில்லை. திண்டிவனத்தில் ஒரு தனியார் அறுவை ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்து, ஆபரேஷன் தியேட்டருக்குள் போய், கடைசியில் உடம்பிலிருந்து எடுத்ததையெல்லாம் டப்பாவில் போட்டு, சதைப் பரிசோதனை செய்யும் எங்கள் லேபுக்குக் கொண்டுவரும் ஆளானார். ஜெசிந்தாவைக் கோலியனூரில் கட்டிக்கொடுத்ததும் அந்தச் சம்பளத்தில்தான்.

விழுப்புரத்தில் அந்த டப்பாக்களைத் திறக்கிற டெக்னீஷியன் நான். பத்தொன்பது வருஷம் ஆகிறது. எனக்குக் கோபம் அதிகம் என்பார்கள். டப்பாக்கள் வரும் லட்சணத்தைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். ஒருவர் வெறும் தண்ணீரில் போட்டு அனுப்புவார். இன்னொருவர் குறுகின வாய் பாட்டிலில் பித்தப்பையைத் திணித்திருப்பார், அதை வெளியே எடுக்கவே ஒரு ஆபரேஷன் தேவைப்படும். அக்கா டப்பாவில் மட்டும் இதுவரை ஒரு குறை கண்டதில்லை.

சதை அழுகாமல் இருக்க பார்மலின் ஊற்றுவோம். அது ஒரு நாளைக்குச் சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும். அதனால் பெரிய கட்டி என்றால் எடுத்த உடனே கீறிப் போட வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், நடுப்பகுதி அழுகிவிடும். எங்கள் லேப் டாக்டர் பிரபாவதி இதை அக்காவுக்கு ஒரே ஒரு தடவை சொல்லிக்கொடுத்தார். "எண்ணெய்க் கத்திரிக்காய்க்குக் காம்பு அறுந்துபோவாம கீறுற மாதிரிதான டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டார் அக்கா. அன்றிலிருந்து அவர் கீறி அனுப்பியதைப் பார்த்தால் அளவுகோல் வைத்துக் கீறினாரோ என்று தோன்றும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவருடைய டப்பாவைத் திறந்து காட்டித்தான் நான் பாடம் நடத்துவேன்.

போன வருஷம் ஏப்ரல் மாதம் ஜெசிந்தாவுக்கு மலம் கறுப்பாகப் போனது. கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு மாதத்தைக் கடத்திவிட்டாள். முகம் வெளுத்துப் படியேற முடியாமல் போனபிறகு ஸ்கேன் எடுத்தார்கள். சிறுகுடல் சுவரில் மாதுளம்பழ அளவுக்கு, ரத்தம் கசிகிற கட்டி. அவளுக்கு முப்பத்தெட்டு வயது, மகள் பத்தாவது முடித்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. அடுத்த கேஸ் காத்துக்கொண்டிருந்ததால் சர்ஜன் அதைத் தட்டில் வைத்து, "மேரி, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி எதுவும் கெட்டதில்லை.

திங்கள் காலை அக்கா எங்கள் லேபுக்கு வந்தார். டப்பா இல்லை, பெயின்ட் பக்கெட். மூடியில் வேளாங்கண்ணி மாதா படம் ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா, கல்யாண வீட்டு சாம்பாரா?" என்றேன். அப்புறம்தான் சீட்டில் இருந்த பெயரைப் படித்தேன். என் வாயை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

எப்போதும் சீட்டைக் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போகிறவர் அன்று வாசலைவிட்டு நகரவில்லை. மூடியைத் திறந்தேன். கட்டி பளபளவென்று, மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் கிடந்தது. கத்தியை வைத்து இரண்டாகப் பிளந்தேன். ஓரத்தில் விரல் கனத்துக்கு நல்ல சதை, உள்ளே முழுக்கச் சாம்பல் நிறத்தில் குழைந்து கிடந்தது. நாற்றம் அறையை நிறைத்தது.

"எவன்க்கா இத்த கீறாம போட்டது?" என்று கத்தினேன்.

"நான்தான் தம்பி."

கத்தியைக் கீழே வைத்தேன். அவரே பேசினார். "கையில எடுத்தப்ப சூடா இருந்துச்சு தம்பி. சின்னதுல காய்ச்சல்ல கெடக்கும்போது அவ உடம்பு அப்பிடித்தான் இருக்கும். கத்திய எடுத்துட்டேன். அது மேல வைக்க முடியல. அதான் பெரிய பக்கெட்டா வாங்கி, மருந்த ரெண்டு பங்கு ஊத்தினேன். எறங்கிடும்னு நெனச்சேன்."

மே மாத வெயிலில் இரண்டு நாள். ஒரு டேங்கர் பார்மலின் ஊற்றியிருந்தாலும் இறங்கியிருக்காது. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

அது எங்கள் லேபுக்கு ஐந்தாறு வருஷத்துக்கு ஒன்று வந்தாலே அதிகம் என்கிற அபூர்வ வகைப் புற்றுக்கட்டி. ஓரச் சதையை வைத்து வகையை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது பரவுமா, அடங்கி இருக்குமா என்று சொல்ல, மைக்ராஸ்கோப்பில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன என்று எண்ண வேண்டும். அதிகம் இருந்தால் மூன்று வருஷம் மாத்திரை, குறைவாக இருந்தால் ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். ஓரத்தில் குறைவாகத்தான் இருந்தது. நடுவில் எண்ணுவதற்குச் செல்லே மிஞ்சவில்லை. 'நடுப்பகுதி சிதைந்துள்ளதால் எண்ணிக்கை உறுதியானதல்ல' என்ற வரியை நான்தான் டைப் அடித்தேன். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலும் காட்டினார்கள். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

இருந்த எண்ணிக்கையை வைத்து, இப்போதைக்குக் கவனிப்போம் என்று முடிவெடுத்தார்கள். உடம்பில் ரத்தமே இல்லாதவளுக்கு வீணாக மாத்திரை எதற்கு என்று எல்லோருக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. எனக்கு மட்டும் அந்தச் சாம்பல் நிறம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அக்கா தங்கையிடம் எதையும் மறைக்கவில்லை. நடந்ததைச் சொன்னபோது ஜெசிந்தா சிரித்தாளாம்.

"வெளியில வந்தப்புறம் அதுக்கு இன்னாக்கா வலி? எனக்கு வலிக்கும்னா கீறாம வுட்ட? அடுத்த வாட்டி கீறிடு."

இதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா கேட்டார்: "அடுத்த வாட்டின்னு ஏன் தம்பி சொன்னா?"

"சும்மா வெளாட்டுக்குச் சொல்லியிருக்கும்க்கா" என்றேன்.

முதல் ஸ்கேன் சுத்தம். அக்கா எங்களுக்கெல்லாம் கேக் வாங்கிவந்தார். இரண்டாவதும் சுத்தம். மூன்றாவது ஸ்கேனுக்குப் பிறகு இரண்டு வாரம் வேறு யாரோ டப்பா கொண்டுவந்தார்கள். நான் காரணம் கேட்கவில்லை.

இந்த வருஷம் மார்ச்சில் அக்கா வந்தார். சின்ன டப்பா, சரியான அளவு பார்மலின், ஒழுங்காக ஒட்டிய சீட்டு. ஜெசிந்தா, முப்பத்தொன்பது வயது, கல்லீரல் கட்டி. எலுமிச்சம்பழ அளவுதான் இருந்தது. ஆறு கீறல், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளி. அவ்வளவு சின்னதற்கு ஆறு தேவையே இல்லை. உள்ளே வெட்டிப் பார்த்தேன். நடுப்பகுதிவரை மருந்து நன்றாக இறங்கியிருந்தது.

நான்காம் நாள் டாக்டர் பிரபாவதி பிரிகிற செல்களை எண்ணினார். அவர் சொல்லச் சொல்ல நான் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். பாதி எண்ணும்போதே கோடு அளவைத் தாண்டியது, அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "போதும், எழுதுப்பா" என்றார்.

ரிப்போர்ட் வாங்க அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். கவரை நீட்டினேன். அவர் பிரிக்கவில்லை.

"இந்த வாட்டி நல்லா கீறியிருந்தேனா தம்பி?"

"நல்லா கீறியிருந்தீங்கக்கா" என்றேன்.