பிழைத்துவிட்டாள் என்ற சாட்சி

பூங்கனியை ஜெபக்கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். அந்தப் பாவத்தை வேறு யார் தலையிலும் கட்ட மாட்டேன்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலையில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து முந்திரிப் பருப்புக்குத் தோல் உரித்தோம். நான் விக்டோரியா, நாலு தலைமுறைக் கிறிஸ்தவச்சி. அவள் இசக்கியம்மனுக்குப் பொங்கலிடுகிற வீட்டுக்காரி. புருஷன் கிருஷ்ணமணி வளைகுடாவுக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். மிச்சம் ஒரே மகள், ரஷ்மி. 2008இல், ஒன்பது வயதில், அந்தப் பிள்ளைக்கு ரத்தப் புற்று.

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவள் அலைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஏட்டி, ஒருக்கா வந்து முட்டுகுத்தி நில்லு. நட்டமா வரப்போவுது?" என்றேன். வந்தாள். மருந்தும் நடந்தது, ஜெபமும் நடந்தது. ஆறு மாதத்தில் டாக்டர், "இப்போதைக்கு நோய் இல்லை" என்றார். அந்த 'இப்போதைக்கு'வை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. சபையின் வருடாந்தர கன்வென்ஷன் மேடையில் எங்கள் பாஸ்டர் சத்தியநேசன் அவள் கையில் மைக்கைக் கொடுத்தார். "எனக்க பிள்ள பிழைச்சிட்டா" என்று அழுதாள். பந்தலே அல்லேலூயா என்றது. நானும்தான், தொண்டை கிழிய.

அடுத்த ஆனியில் நோய் திரும்பி வந்து பிள்ளையைக் கொண்டுபோயிற்று.

பிறகு நடந்ததைச் சொன்னால் வாய் கசக்கும். "கிறிஸ்தவ வேதத்துல சேந்தா இசக்கி சும்மா விடுவாளா?" என்றார்கள் சொந்தக்காரர்கள். "விசுவாசம் பத்தல்ல" என்றார்கள் சபையார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. கிணற்றடியில் நின்றவளை இரண்டு தடவை நானே கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

ஆனாலும் ஜெபத்தை அவள் விடவில்லை. ஒருநாள் தோல் உரித்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் எனக்கு காரணம் சொல்லியாவ அக்கா. இயேசு மட்டும் ஒண்ணும் சொல்லல்ல. சும்மா கூட இருக்காரு. எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு சாப்பிட்டாள், தூங்கினாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாலு தலைமுறையாக என் வீட்டு வாசலை மிதிக்காத சமாதானம் இவளுக்கு எந்த வழியாக வந்தது?

மறுவருஷக் கன்வென்ஷனுக்கு விளம்பர ஜீப் வந்தது. ஒலிபெருக்கியில், போன வருஷ மேடையில் பதிவான அவளுடைய குரல்: "எனக்க பிள்ள பிழைச்சிட்டா." அவள் நேரே பாஸ்டரிடம் போனாள், நானும் கூடப் போனேன்.

"அத நிறுத்துங்க பாஸ்டரே."

"ஒங்க சாட்சியால எத்தன ஆத்துமா வந்திருக்கு தெரியுமா சகோதரி? அன்னைக்கு நீங்க சொன்னது பொய்யில்லியே."

பொய்யில்லைதான். அதுதான் வயிற்றெரிச்சல். ஜீப் மூன்று நாளும் ஓடியது.

மூன்றாம் நாள் பூதப்பாண்டியிலிருந்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு பூங்கனி வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, முடி கொட்டிய தலையில் துணி கட்டியிருந்தது. "பிழைச்ச பிள்ளைய ஒரு தடவ கண்ணால பாக்கணும்" என்றாள்.

மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"செத்துப்போச்சும்மா" என்றாள் பூங்கனி. "மருந்த மட்டும் நிறுத்தியிராத. ஒனக்க பிள்ள பிழைக்குமாண்ணு எனக்குத் தெரியாது. வேணும்னா கூட இருந்து ஜெபிக்கியேன்."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "பிழைக்காதுன்னா பின்ன எதுக்கு ஜெபிக்கணும்? நாசமாப் போறவளே, எனக்க வாயில மண்ணப் போட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுக் குழந்தையோடு பந்தலைப் பார்த்து நடந்தாள். அங்கே பிழைத்தவர்கள் கிடைப்பார்கள்.

"கேட்டியா? ஒனக்கு வேணும்" என்றேன்.

பூங்கனி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஊரு பூதப்பாண்டிண்ணு அவ சொன்னா, பேரும் வீடும் நான் கேக்கல்லியே."

"எதுக்குட்டி? இன்னும் திட்டு வாங்கவா?"

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிப்போச்சுண்ணா, காரணம் சொல்லதுக்கு ஆளு வந்துரும் அக்கா. அவியளுக்கு முன்ன நான் போவணும்."